காயாத பஞ்சு

ஓசூரிலிருந்து பேரிகை போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே அரை கிலோமீட்டர் நடந்தால், ஒரு பழைய கிரானைட் கொட்டகை வரும். கல் அறுத்த காலத்துத் தூள் இன்னும் சுவரிலும் உத்தரத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். காலை ஏழரைக்கு நான் அங்கே போய்ச் சேரும்போது ஊரெல்லாம் பனி மூடிக் குளிர்ந்து கிடந்தாலும், அந்தக் கொட்டகை மட்டும் வெதுவெதுவென்றிருக்கும். ஸ்டீம் டிரம்மின் சூடு அது. கூடவே பிளீச்சிங் பவுடரும் வெந்த துணியும் கலந்த ஒரு வாசனை.

மூன்று வருஷமாக எனக்கு அங்கே வேலை. பெண்கள் உபயோகித்த நாப்கின், குழந்தைகளின் டயப்பர், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் டயப்பர் எல்லாம் வேனில் மூட்டை மூட்டையாக வரும். மேஜையில் கொட்டி, பைகளைப் பிரித்து, கூட வந்த பாட்டில், பிளேடு, ஊசி இருந்தால் பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு டிரம்மில் வேகவைத்து, துண்டு துண்டாக அரைத்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக் கலக்குவார்கள். பிளாஸ்டிக் ஒரு பக்கம் போகும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஜெல் சுருங்கி அடியில் தங்கும். உள்ளே இருந்த மரக்கூழ் நார் தனியாகப் பிரிந்து வரும். அதைத்தான் நாங்கள் பஞ்சு என்போம். வெளுத்து, அழுத்தித் தாளாக்கி, சூடான காற்றில் காயவைத்தால் புது அட்டை மாதிரி இருக்கும். நாற்றங்கால் தட்டு செய்பவர்கள் வாங்கிப் போவார்கள்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. மாமியாரிடமும், தெருவிலும், மகளின் பள்ளிக்கூடத்திலும் "அட்டை கம்பெனி" என்றே சொல்லி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு முறை குளிப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் குளிப்பேன். கல்யாண வீட்டில் யாராவது பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து போனால், என் வாசனைக்குத்தான் போகிறார்களோ என்று உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பேன்.

என் பெயர் மாதேஸ்வரி. நாட்றாம்பாளையம் சொந்த ஊர். இப்போது சொல்லப்போவதை முதலில் இரம் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். பிரிக்கும் மேஜையில் எனக்கு எதிரே நிற்பவர் அவர்.

வரும் மூட்டைகளில் நிறைய, ஒரு பெண்கள் விடுதியிலிருந்து வரும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் தென் மாவட்டத்துப் பெண்கள் நானூறு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். யாரோ கழிப்பறைக் குழாயில் நாப்கின் போட்டு அடைத்துவிட்டார்கள் என்று, வார்டன் சாந்தம்மா ஒவ்வொரு அறைக்கும் ஒரு பை கொடுத்து, அதில் அறை எண் ஒட்டச் சொல்லியிருந்தார். வாரம் ஒரு முறை பைகளை எடுப்போம். எண்ணைப் பார்க்கக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பார்க்காமலும் இருக்க முடியாது. நாளடைவில், முகம் தெரியாத பெண்களின் நாள்கணக்கு எங்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

C-27 என்ற பை மட்டும் கணக்கில் அடங்கவில்லை.

அது மாடிப்படி முடிவில் உள்ள ஒற்றை ஆள் அறை. பங்குனியில் ஆரம்பித்தது. எல்லா வாரமும் பை நிறைந்து வந்தது. வாய் கட்ட முடியாமல் நூல் போட்டுச் சுற்றியிருக்கும். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில், சாமிக்குப் பூ மடிப்பதுபோல ஒழுங்காக மடித்திருப்பாள். பிரித்தால் தாள் முழுக்கச் சிவப்பு. வைகாசி போய், ஆனி போய், ஆடியும் வந்தது. ஒரு வாரம்கூட அந்தப் பை ஓயவில்லை.

"யாருடி இந்த மகராசி? குழாயத் தொறந்து வுட்டாப்புல ஓடுது" என்றேன் ஒருநாள்.

மேஜையைச் சுற்றி நின்ற ஏழு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவளுக்குக் 'குழாய்' என்று பெயர். பை வந்ததும் "குழாய் வந்துடுச்சு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது என் குரலாகத்தான் இருக்கும்.

இரம் அக்கா மட்டும் ஒருமுறை, "மாதேசு, இது சிரிக்கிற விஷயமில்ல. அந்தப் பொண்ணுக்கு என்னமோ இருக்குது. யாருக்காச்சும் சொல்லணும்" என்றார்.

"யாருக்குன்னு சொல்றது? பையப் பிரிச்சுப் பாத்தோம்னா? நாம இன்னா வேலை செய்யறோம்னு ஊருக்கே தெரியட்டுமா?" என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆவணி முதல் வாரம் வேனில் கூடப் போகும் ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் கௌதம் என்னைப் போகச் சொன்னார். டிரைவர் சமியுல்லா வேனை விடுதியின் பின்வாசலில் நிறுத்தினார். பெண்கள் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். பைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். உதடு வெளுத்து, தோல் நிறத்திலேயே இருந்தது. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

நான் கை நீட்டினேன். அவள் கொடுத்தாள். C-27.

நான் சிரித்த பெண் இவள்தான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா..." என்றாள் மெதுவாக. "இதயெல்லாம் நீங்க பிரிச்சுப் பாப்பீங்களா?"

"சேச்சே. அப்படியே மிஷினுக்குள்ள போயிடும்" என்றேன்.

அவள் போகவில்லை. என் முழங்கையைத் தொட்டாள். அந்த விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"அக்கா, எனக்கு ரொம்ப நாளா... வீட்டுல சொல்ல பயமா இருக்கு. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமாக்கா?"

வேன் கதவருகே சமியுல்லா நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குக் கூச்சம். அதைவிட, பிரித்துப் பார்ப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கம்.

"ஆம்பள நிக்கறாரும்மா. அப்பறமா பேசலாம்" என்று சொல்லி வேனில் ஏறிவிட்டேன்.

வேன் திரும்பும்போது பார்த்தேன். அவள் அதே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள் அவள் இறந்துபோனாள்.

சமியுல்லாதான் வந்து சொன்னார். பெயர் ரஞ்சிதா. சங்கரன்கோவில் பக்கம். குளியலறையில் விழுந்து கிடந்தாளாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். தரையெல்லாம் ரத்தம் என்பதால் விடுதியில் ஒரு பேச்சு கிளம்பி, அவள் ஊர்வரைக்கும் போய்விட்டது. கல்யாணமாகாத பெண், கருவைக் கலைக்க ஏதோ மாத்திரை தின்றிருக்கிறாள் என்று.

இரம் அக்கா என்னைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன். ஆறு மாதம் இடைவிடாமல் ரத்தம் போனவளுக்குக் கரு எங்கிருந்து தங்கும்? அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் ஏழு பேர்தான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் விடுதி மூட்டை வந்தது. மேஜையில் கொட்டினோம்.

நடுவில் ஒரு பை. வாயில் நூல் சுற்றியிருந்தது.

C-27.

"அந்த ரூமுக்கு வேற யாராச்சும் வந்திருப்பாங்க" என்றேன். சமியுல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அறை பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கமே யாரும் போவதில்லை என்றார்.

நான் பையைத் தூக்கினேன். கையுறை வழியாகவே தெரிந்தது.

சூடாக இருந்தது.

ஒரு வாரம் மூட்டையில் கிடந்த பை சூடாக இருக்காது. அது டிரம்மின் சூடுமில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. பிரிக்காமல் அப்படியே டிரம்முக்குள் போட்டேன். மூடியை இறுக்கினேன். ஆவி ஏறும் சத்தத்துக்கு நடுவில், உள்ளேயிருந்து மூன்று முறை தட்டுவது கேட்டது.

பலமாக இல்லை. கதவைத் தட்டக் கூச்சப்படுகிறவள் தட்டுவதுபோல.

மறு வாரமும் பை வந்தது. அதற்கடுத்த வாரமும். யாரும் "குழாய் வந்துடுச்சு" என்று சொல்லவில்லை. யாரும் அதைத் தொடவுமில்லை. நான்தான் எடுத்து டிரம்மில் போட்டேன்.

பிறகு பஞ்சு காய மறுத்தது.

காயவைக்கும் கூடத்தில் தாள்கள் வரிசையாகக் கம்பியில் தொங்கும். ஆறு மணி நேரம் சூடான காற்று விட்டால் மொடமொடவென்று ஆகிவிடும். இப்போது இரண்டு நாளாகியும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கௌதம் பர்னரை மாற்றினார், மெக்கானிக்கை வரவழைத்தார், மழை ஈரம் என்றார். பிளீச் அளவைக் கூட்டினார். தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. வாசனை மட்டும் மாறியிருந்தது. பிளீச்சிங் பவுடரை மீறிக்கொண்டு, துருப்பிடித்த இரும்பின் வாசனை.

ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு நாள் மாலை நாலு மணி. கூடத்துக்குப் போய்த் தாள் எடுத்து வரச் சொன்னார்கள். உள்ளே நுழைந்ததும் கரண்ட் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தகரக் கூரையில் மழை. அதற்குக் கீழே இன்னொரு சத்தம்.

சொட்டு.

சொட்டு.

எல்லாத் தாள்களும் சொட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து மட்டும் வந்தது. அங்கே போய்த் தரையைப் பார்த்தேன். தாளுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அதில் இரண்டு கால்கள் தெரிந்தன.

ஈரமான, வெளுத்த கால்கள். ஒன்றோடொன்று ஒட்டி, கூச்சத்தோடு நின்றன.

ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தாளுக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம். நாலு படி ஏறினால் இளைக்கும் ஒருத்தியின் மூச்சு.

"அக்கா."

நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரிச்சுத்தான பாத்தீங்க?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பயம் மட்டும் வந்திருக்கும். முகத்தில் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல எனக்கு வெட்கம் பொங்கியது. காது மடல் வரை எரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆமா" என்றேன். "ஆமாம்மா. பாத்தேன். ஆறு மாசமும் பாத்தேன். சிரிச்சேன்."

தாள் என் பக்கமாக அசைந்து, கன்னத்தில் பட்டது. ஈரமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கன்னம் என் கன்னத்தில் அழுந்துவது தெரிந்தது.

"அம்மாகிட்ட சொல்லுங்கக்கா."

கரண்ட் வந்தது. விசிறிகள் சுழன்றன. கடைசி வரிசையில் யாருமில்லை.

வெளியே வந்து இரம் அக்காவின் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அவங்கம்மா நம்பர் வாங்கலாம். வா" என்றார்.

மறுநாள் சமியுல்லாவின் வேனில் இருவரும் விடுதிக்குப் போனோம். சாந்தம்மா நம்பர் தர மறுத்தார்.

"பேடம்மா, பேடா, வேணாம். போன பொண்ணு போயிட்டா. இப்ப எதுக்கு இதெல்லாம் கிளறறது? விடுதிக்கு கெட்ட பேரு."

"விடுதிக்கு மட்டுந்தான் பேரு இருக்குதா? அந்தப் பொண்ணுக்கு இல்லியா?" என்றார் இரம் அக்கா.

சாந்தம்மா மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு ரெஜிஸ்டரைப் புரட்டி எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்வாசல் படியிலேயே நின்று போன் போட்டேன். ரஞ்சிதாவின் அம்மா பெயர் காளியம்மாள்.

"நீ யாரும்மா? எம்புள்ளைய எப்படித் தெரியும்?"

வாய்வரை வந்துவிட்டது, அட்டை கம்பெனி என்ற பொய். விழுங்கினேன்.

"ஓசூர்ல உபயோகிச்ச நாப்கின் எல்லாம் பிரிக்கிற வேலை செய்யறங்க. உங்க பொண்ணோட பையப் பிரிச்சவ நான்தான். பங்குனிலருந்து ஆவணி வரைக்கும் ஒரு வாரங்கூட ரத்தம் நிக்கலீங்க. அது வியாதிங்க. ஊர்ல பேசறாப்புல எதுவும் இல்லீங்க. கரு கிரு ஒண்ணும் இல்லீங்க. எங்க ஏழு பேருக்கும் தெரியும்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"தெரிஞ்சும் ஒருத்தருகிட்டயும் சொல்லலியா?"

"சொல்லலீங்க."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

அந்தப் பதில் எனக்கே எவ்வளவு அசிங்கமாகக் கேட்டது என்று இப்போது எழுத முடியாது. அவர் அழவில்லை. செருப்பு மாட்டும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், பிறகு தெருச் சத்தம் கேட்டது.

"எம்புள்ளையத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வரல, தெரியுமா ஒனக்கு? அவ அப்பா சுடலைமுத்து அன்னையிலருந்து வாசல்ல வந்து உக்காருததில்ல. இங்க தண்ணிக் குழாயடியில பொம்பளைய பூராப் பேரும் நிக்காவ. ஸ்பீக்கர்ல போடுதேன். இப்பச் சொன்னத மறுபடி சொல்லு. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். "கேக்கல, இன்னும் சத்தமா" என்றார். ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் படியைச் சுற்றி நின்றார்கள். செக்யூரிட்டி, சமியுல்லா, காய்கறி இறக்க வந்த ஆள், எல்லாரும் கேட்டார்கள். நான் பிரிக்கும் வேலையை, அவள் ரத்தத்தை, நாங்கள் வைத்த பெயரை, நான் சிரித்ததை, எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று கத்துவதுபோலக் கத்திச் சொன்னேன். மூன்று முறை.

அந்தப் பக்கம் ஒரு பெண் "அய்யோ, பாவி மக்கா" என்று ஓங்கி அழ ஆரம்பித்தாள். அது காளியம்மாள் இல்லை. காளியம்மாள், "சரி, வச்சிரு" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே விஷயம் என் தெருவுக்கு வந்துவிட்டது. மாமியார் இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு?" என்று கேட்டார். சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கம்பெனியில் தாள்கள் காய்ந்துவிட்டிருந்தன. C-27 பை அதற்குப் பிறகு வரவில்லை. நானும் இரம் அக்காவும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களிடம் ஒருமுறை பேசினோம். நாள்கணக்கு தவறினாலோ, நிற்காமல் போனாலோ, வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. எல்லாரும் தலை குனிந்து கேட்டார்கள். யாரும் எங்களிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. நம் கடமை முடிந்தது என்று நினைத்தேன். ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்தது.

மார்கழி இரண்டாம் வாரம், காலை எட்டு மணி. கெலவரப்பள்ளி அணைப் பக்கமிருந்து ஏறிய பனி கொட்டகை வாசல்வரை நின்றது. மூட்டையை மேஜையில் கொட்டினோம். ஒரு பையை எடுத்தேன். B-11. கனமே இல்லை. உள்ளே இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

சூடாக இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தொட்டுப் பார்த்தேன். அதே சூடு. இரம் அக்காவிடம் நீட்டினேன். அவர் தொட்டுப் பார்த்து, "ஜில்லுன்னுதான இருக்குது" என்றார். நான் கௌதமிடம்கூடச் சொல்லாமல் வேனில் ஏறினேன்.

B-11 கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். சின்னப் பெண். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றாள். முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"வாங்கக்கா. நீங்க வருவீங்கன்னு அந்த அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"மாடிப்படி ரூம் அக்கா. மூணு நாளா என்கூடத்தான் இருக்காங்க. இப்பக்கூட இங்கதான் உக்காந்திருந்தாங்க."

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவள் பெட்டி. மற்றதில் மெத்தை விரிப்பு மட்டும். விரிப்பின் நடுவே, ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு, ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"வேற இன்னா சொன்னாங்க?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க வருவீங்க, ஆனா நின்னு கேக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

நான் கதவைச் சாத்தினேன். அவளைக் கைப்பிடித்து அவள் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எதிர்க் கட்டிலில், யாருமில்லாத அந்த விரிப்பு, மெதுவாக அமிழ்ந்தது.